மருத்துவ உரிமையைச் சட்டமாக்கித் தாருங்கள்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிக்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பா தன்னுடைய அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு மஞ்சப்பையில் சுருட்டி வைத்திருப்பார். போன வருஷம் ஒரு நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தது ஒரு தனியார் மருத்துவமனை. ஆட்டோ பிடித்து அங்கேதான் ஓடினோம். கவுண்டரில் இருந்த பையன் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "இது இங்க எடுக்க மாட்டோம்க்கா. அட்வான்ஸ் நாற்பதாயிரம் கட்டிடுங்க, டாக்டரை வரச் சொல்றேன்" என்றான். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த நேரத்தில் எந்த அடகுக்கடை திறந்திருக்கும்? கடைசியில் 108-க்குப் போன் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் பார்த்தார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் நடுவில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. கவுண்டர் முன்னால் நிற்கிறவளுக்கு அந்தத் தீர்ப்பு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் யாரிடம் முறையிடுவது? சிகிச்சைச் செலவை யார் தருவார்கள்? இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்த ஒரு சட்டம் நமக்கு இல்லை.

இதில் பாதி வேலையைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வருமானச் சான்று வேண்டாம், வேறு மாநிலத்துக்காரர் என்றாலும் பரவாயில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கு, நிர்ணயித்த வரம்பு வரை, அரசே பணம் கட்டுகிறது. அன்று அப்பா லாரியில் அடிபட்டு அப்படியொரு மருத்துவமனைக்குப் போயிருந்தால் யாரும் அட்வான்ஸ் கேட்டிருக்க மாட்டார்கள். மாரடைப்புக்கும் பாம்புக்கடிக்கும் பிரசவ ரத்தப்போக்குக்கும் அதே கதவு ஏன் திறக்கக் கூடாது?

எங்கே முட்டுகிறது என்பதை ராஜஸ்தான் காட்டியது. நாட்டிலேயே முதலாவதாக 2023 மார்ச் 21 அன்று அங்கே நலவாழ்வு உரிமைச் சட்டம் நிறைவேறியது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. இதை எதிர்த்துத் தனியார் மருத்துவமனைகள் இரண்டு வாரம் கதவை மூடின. எது அவசரம், செலவை அரசு எப்போது திருப்பித் தரும் என்று அந்த டாக்டர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகளில் தெளிவாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் ஏப்ரல் 4 அன்று ஏற்பட்ட உடன்பாட்டில், 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கும், அரசிடம் நிலமோ சலுகையோ வாங்காதவற்றுக்கும் விலக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த வருஷக் கடைசியில் ஆட்சி மாறியது. அதற்குப் பிறகும் விதிகள் வராமலே காலம் ஓடியது.

நம் ஊர்க் கதையும் பெரிய வித்தியாசமில்லை. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நம் பேரவை 1997-இல் நிறைவேற்றியது. அதற்கான விதிகள் வந்தது 2018-இல். அந்த 21 வருஷத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன.

என் மனதில் உறுத்துவது இதுதான். திட்டம் என்றால் அறிவித்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. உரிமை என்று சட்டத்தில் எழுதினால் ஆட்சிக்கு வருகிற எல்லோருக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. 2009-இல் வந்த காப்பீட்டுத் திட்டம் ஆட்சி மாறியதும் நின்றது, 2012-இல் வேறு பெயரில் மறுபடி வந்தது. இப்போதுள்ள அட்டைக்கு வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பம் வெளியே நிற்க வேண்டியதுதானா? அட்டை இருந்தாலும் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பயன். மாதாமாதம் கையைக் கடிப்பது மாத்திரைச் செலவும் ஸ்கேன் செலவும். 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. மனதார நன்றி சொல்கிறேன். அது நாளைக்கு நின்றுபோனால் கேட்க என் கையில் என்ன இருக்கிறது?

தாய்லாந்தில் மக்கள் அந்த உரிமையைச் சட்டமாகவே கையில் வாங்கினார்கள். 50,000 வாக்காளர்கள் கையெழுத்திட்டால் மசோதா கொண்டுவரலாம் என்று அவர்களுடைய 1997 அரசியலமைப்பு இடம் கொடுத்தது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள், விவசாயிகள், பெண்கள், முதியோர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஊர் ஊராகப் போய் அந்தக் கையெழுத்துகளைத் திரட்டின. தேர்தலில் வென்ற கட்சி 2001-இல், ஒரு முறைக்கு 30 பாட் (தாய்லாந்துப் பணம்) மட்டும் கட்டி மருத்துவம் பார்த்துக்கொள்ளும் '30 பாட்' திட்டத்தைத் தொடங்கியது, 2002-இல் அது சட்டமானது. அப்புறம் 2006-லும் 2014-லும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மருத்துவ உரிமை மட்டும் போகவில்லை.

நாங்களும் சரியாகக் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரோடு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று கிராம சபையில் சத்தம் போடுகிறோம். ராத்திரியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா, ஈசிஜி எடுக்கும் வசதி இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் எழுந்து கேட்டதில்லை. அப்பாவுக்கு அப்படி ஆகும் வரை எனக்கும் தோன்றவில்லை.

பொதுச் சுகாதாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் டெல்லியை எதிர்பார்க்காமல் நீங்களே செய்யலாம். எந்த அவசரமானாலும் முதல் 48 மணி நேரத்துக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்று எழுதுங்கள். மருத்துவமனைக்கு எத்தனை நாளில் பணம் போய்ச் சேரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், அவர்களும் பயப்பட மாட்டார்கள். விதிகளை ஆறு மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்ற வரி சட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். புகாரை மாவட்ட அளவில் விசாரிக்கும் குழுவில் நோயாளிகள் தரப்பிலும் ஆட்கள் இருக்க வேண்டும்.

அடுத்த அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப்போகிறோம். எங்கள் தெருவில் இப்போதே கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டேன். நகலை எங்கள் உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவருவேன். அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார்.

அன்புடன்,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி