எத்தனை கப், பாப்பா?

சத்துவாச்சாரி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் தோட்டத்துப் படங்கள் வந்தன. பீன்ஸ், குடைமிளகாய், தக்காளி, முழங்கை நீளத்துக்குச் சுரைக்காய். அமெரிக்காவில் அந்த எடிசன் ஊரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் துண்டு நிலத்தில் இப்படிக் காய்க்க வைத்திருக்கிறாயே! பக்கத்து வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்துக் காட்டினேன். நேற்று ரத்தினகிரி முருகன் கோயிலில் கூட்டத்துக்கு நடுவிலும் அம்மா யாரிடமோ காட்டிக்கொண்டிருந்தாள். படங்களுக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாய். ஃப்ரீசரில் வைக்கக் காய் நறுக்க ஃபுட் பிராசஸர் வாங்கப் போகிறேன், மூன்று கப் போதுமா என்று. இத்தனை நாள் போனும் இல்லாமல் தகவலும் இல்லாமல் இருந்துவிட்டு, எப்படியிருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல், மூன்று கப் போதுமா! சரி, மிக்ஸி, கிரைண்டர் வைண்டிங்கிலேயே ஆயுளைக் கழித்தவனிடம் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

போதாது.

அந்த ஊர்க் கப் என்பது 240 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று கப் சேர்ந்தாலும் முக்கால் லிட்டர் வராது. ஓர் ஆளுக்குச் சட்னி அரைக்கலாம், வெங்காயத்தைப் பொடிக்கலாம், அவ்வளவுதான். அந்த அளவில் வருபவற்றில் பெரும்பாலும் அடியில் சுழலும் கத்தி மட்டுமே இருக்கும். உனக்கு வேண்டியது மேலே மாட்டும் தட்டுகள்: சீவுவதற்கு ஒன்று, துருவுவதற்கு ஒன்று. ஃப்ரீசருக்குப் போகும் காயைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஒரு துண்டு தடியாகவும் ஒரு துண்டு மெலிதாகவும் இருந்தால் ஒன்று வேகாது, இன்னொன்று குழைந்துவிடும். தட்டில் சீவினால் எல்லாம் ஒரே கனம். கத்தி அப்படியில்லை, பாதியைக் கூழாக்கிவிட்டு மீதியை முழுசாக விட்டுவிடும். இரண்டு பேர் இருக்கிற வீட்டில், குளிர்காலம் முழுக்கச் சாப்பிடச் சேர்த்துவைப்பதென்றால் 11 கப்பாவது வேண்டும். 14 கப் கிடைத்தால் இன்னும் நல்லது. கிட்டத்தட்ட மூன்றேகால் லிட்டர்.

வாட்ஸைப் பார்த்து ஏமாறாதே. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடுவது அது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதைத்தான். எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அல்ல. கடைக்குப் போனால் மெஷினைத் தூக்கிப் பார். கனமாக இருந்தால் உள்ளே செம்பும் இரும்பும் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இண்டக்‌ஷன் மோட்டார் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. சத்தம் குறைவு, கார்பன் பிரஷ் தேய்கிற தொல்லையும் கிடையாது. காய் போடும் வாய் அகலமாக இருக்கட்டும். குறுகலாக இருந்தால் சுரைக்காயை எட்டாக நறுக்கிப் போட வேண்டும்; பிறகு மெஷின் எதற்கு?

இங்கிருந்து மிக்ஸி வாங்கி அனுப்பலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். நம் ஊரில் 230 வோல்ட், அங்கே 120. நம் மிக்ஸி அங்கே அரை உயிரோடுதான் சுற்றும். அங்கத்திய மெஷின் இங்கே வந்தால் கதை இன்னும் மோசம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய டாக்டர் ஒருவர், பிளக்கின் காலை மட்டும் மாற்றிக்கொண்டு நேராகச் செருகிவிட்டுப் புகையோடு கடைக்குத் தூக்கி வந்தார், நினைவிருக்கிறதா? ஆர்மேச்சர் கரிக்கட்டை. நீ பள்ளிச் சீருடையோடு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வோல்டேஜ் பார்த்தீர்களா அங்கிள்?" என்று கேட்டாய். அவருக்கு முகம் போன போக்கு! எந்த மெஷின் எதனால் கெட்டது என்று மூடியைத் திறக்காமல் வாசனையை வைத்தே சொன்னவள் நீ. இன்றைக்கு என்னிடம் மூன்று கப் போதுமா என்று கேட்கிறாய்.

படத்தில் இருந்த பைகளை அம்மா விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி பீன்ஸ்தான் இருக்கிறதாம். மாப்பிள்ளை பீன்ஸ் பொரியல் என்றால் சட்டியையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வாரே, இது அவருக்கு எந்த மூலைக்கு என்றாள். டயட்டில் இருப்பார் என்றேன். போன வருடம் சுரைக்காயைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் நின்ற படத்தையும் எடுத்துப் பார்த்தாள். இந்த வருடம் படம் எடுக்கிறவர் அவராக இருப்பார், அதனால் படத்தில் இல்லை என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு படத்தில் உன் நிழல் மட்டும் பாத்தி மேல் விழுந்திருக்கிறது, கையில் போனோடு.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் காயையும் மெஷினில் தள்ளாதே. வெண்டைக்காய் போட்டிருக்கிறாயா? அதைச் சீவினால் கொழகொழவென்று கிண்ணமெல்லாம் ஒட்டும். காம்பை மட்டும் கிள்ளி, முழுசாகவே மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு எடு. பீன்ஸுக்கும் மூன்று நிமிடம். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் அதே மூன்று நிமிடம். காயைப் பறித்த பிறகும் அதற்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும், ஃப்ரீசரிலும் முழுதாக ஓயாது. அதை நிறுத்தத்தான் இந்த வெந்நீர். குடைமிளகாய்க்கு அது தேவையில்லை, சீவி அப்படியே வைக்கலாம். தக்காளிக்குத் தட்டே வேண்டாம். தோலுரித்து, கத்தியில் அடித்து, சுண்டக் காய்ச்சி வை. கத்தியில் போடும் எதையும் நிறுத்தி நிறுத்தி ஓட்டு. தொடர்ந்து ஓட்டினால் காய் தண்ணீர் விட்டுவிடும்.

கத்தரிக்காய் உறைந்து உருகினால் சொதசொதவென்று ஆகிவிடும். எண்ணெயில் வதக்கி வைத்தால் குழம்புக்காவது ஆகும். இலவம்பாடி முள்ளுக்கத்தரி சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு அது பிடிக்குமா என்பது வேறு கதை. இப்போது அந்தக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறது. நேதாஜி மார்க்கெட்டில் எந்தக் கத்தரியைக் காட்டினாலும் இலவம்பாடி என்றுதான் சொல்கிறார்கள்.

வெந்த காயை ஈரம் போகத் துடைத்து, ட்ரேயில் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் போடு. அப்போதுதான் ஒட்டாமல் உதிரியாக வரும். பை பெரியதாகவே இருக்கட்டும். வேண்டியதை அள்ளிக்கொண்டு மூடிவிடலாம், ஒரு பிடி ஒரு பிடியாகக் கட்டிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃப்ரீசரும் நிறைந்திருப்பதுதான் நல்லது. பனிப்புயலில் மின்சாரம் போனால், நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் தாங்கும். பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்தான். புயல் நேரத்தில் நீ தனியாக இருக்காதே. அதாவது, மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை ஏதாவது இருந்தால் சொல்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு அவர் குரலை நாங்கள் கேட்கவில்லை. அவருக்கு வேலை அதிகம் என்று நீ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோம். சம்பந்தி வீட்டாரை ஆரணியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தோம். சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள், சாப்பிட்டோம் என்றோம். அதற்கு மேல் அவர்களும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அம்மா அன்று இரவு தூங்கவில்லை.

இதற்கும் மெஷினுக்கும் சம்பந்தமில்லை. 11 கப்பே வாங்கு. ஒருவேளை உண்மையிலேயே மூன்று கப்தான் வேண்டும் என்றால் அதையும் எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஓர் ஆளுக்கு எது நல்ல மெஷின் என்றும் எனக்குச் சொல்லத் தெரியும். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் புதுப்பித்தாயிற்று. எதற்கு இப்போது அவசரமாக என்று கேட்டேன், இருக்கட்டும் என்கிறாள். விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ வா என்று சொன்னால் போதும்.

வாங்கும் முன் மாடல் எண்ணை அனுப்பு. எத்தனை கப் என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: தட்டை மாற்றும்போது சுவிட்சை மட்டும் நம்பாதே, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடு. காயைக் கையால் தள்ளாதே, அதோடு வரும் கட்டையால் தள்ளு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடு.