கூரையை வெட்டிய கார் எல்லாம் பாழான கார் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வெளிவந்த கட்டுரை, ஆலையிலிருந்து கூபேயாக, அதாவது நிலையான கூரை கொண்ட இரு கதவுக் காராக வந்து பிற்காலத்தில் கூரை வெட்டப்பட்ட வண்டிகள் அனைத்தையும் 'பாழாக்கப்பட்டவை' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அத்தகைய டாட்சன் 240இசட் ஒன்றை வைத்திருந்து, அதைச் சிறிது சிறிதாகச் சீர்படுத்தி வருபவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை.

1969இல் அறிமுகமான 240இசட்டை அதன் ஆலை ஒருபோதும் திறந்த காராக விற்றதில்லை. இசட் வரிசையில், டாட்சனின் தாய் நிறுவனமான நிசானே அதைச் செய்தது 1990களில், 300இசட்எக்ஸ் காரில்தான். திறந்த 240இசட் வேண்டியவர்கள் கூரையை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. 1975இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் காருக்கு ஆலையின் முழுமையான கன்வெர்ட்டிபிள் (மடக்கும் கூரை) வடிவம் 1988இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பே ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் கூபேக்களை மாற்றிக் கொடுக்க, அவற்றை ஜாகுவார் விற்பனையாளர்களே விற்றார்கள். அவற்றையும் பாழானவை என்பாரா கட்டுரையாளர்?

கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய ஃபெராரி டேட்டோனாவின் நிலை வேறு. ஆலை கட்டிய திறந்த டேட்டோனாக்கள் சுமார் 120 மட்டுமே என்பதால், விலையை எண்ணிப் பல கூபேக்கள் வெட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தக் காரின் பாரத்தை உள்ளே இருக்கும் எஃகுக் குழாய்ச் சட்டகம் தாங்குகிறது. 240இசட்டில் தனிச் சட்டகம் கிடையாது. தரை, பக்கங்கள், கூரை ஆகிய அனைத்தும் சேர்ந்தே உடலாகின்றன. மூடியை எடுத்த அட்டைப்பெட்டி கையில் முறுகுவதைப் போல, கூரை போன பிறகு இந்த உடல் முறுகத் தொடங்குகிறது. மேலும், இதன் பின்புற சஸ்பென்ஷன் தூண்களின் மேல்முனைகள் உடலோடு இணைந்திருப்பதால், குழியில் சக்கரம் விழும்போது வரும் அடியைக் கூரையும் பின்பக்கத் தகடுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றை வெட்டிவிட்டால் அந்த அடி கதவுகளுக்குக் கீழே ஓடும் இரு பக்கப் பெட்டிகளின் மீதே இறங்குகிறது.

ஆகவே இத்தகைய காரை வாங்குபவர் எஞ்சினையும் பெயின்டையும் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. காரின் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் உயர்த்திவிட்டுக் கதவைத் திறந்து மூட வேண்டும். கதவு இடித்தாலோ, இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக மாறினாலோ, அந்த வண்டியில் கூரையை வெட்டியவர் அதற்கு ஈடாக எதையும் சேர்க்கவில்லை என்று பொருள். அதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. பக்கப் பெட்டிகளுக்குள் தடித்த எஃகைப் பற்றவைப்பது, இருக்கைகளுக்குப் பின்னால் இரு தூண்களையும் இணைத்து ஒரு குறுக்குச் சுவர் எழுப்புவது, தரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் பொருத்துவது, முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதியை வலுப்படுத்துவது ஆகியவற்றால் இழந்த விறைப்பில் பெரும்பங்கை மீட்கலாம். கதவு வாயில்களுக்குக் குறுக்கே தற்காலிகத் தாங்கிகளைப் பொருத்தி, இடைவெளிகளைச் சரிபார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். இல்லையேல் வளைந்த உடல் வளைந்தபடியே இறுகிவிடும். துரு பிடித்த தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டுவது வேலையே அல்ல. மூடிய பெட்டிக்குள் நீர் வடியத் துளையும் உட்பூச்சும் இல்லாவிட்டால் சேர்த்த எஃகும் உள்ளிருந்தே அரிக்கப்படும்.

துணிக்கூரையும் ரப்பர் விளிம்புகளும் பொறுமை கேட்கும் வேலைகளே தவிர, உயிருக்குத் தொடர்பற்றவை. சீட் பெல்ட் அப்படியல்ல. கூபேயில் கதவுக்குப் பின்னால் உயரத்தில் இருந்த தோள் பெல்ட்டின் பிடிப்பு கூரையோடு போய்விடுகிறது. அதை வெறும் தகட்டில் திருகாமல், உடலோடு பற்றவைத்த வலுவான வளைவில்தான் பொருத்த வேண்டும்.

கட்டுரையாளரோடு நான் முழுமையாக உடன்படும் இடம் ஒன்றே: மாற்றப்பட்ட காரை ஆலை வடிவம் என்று சொல்லி விற்பது ஏமாற்று. இனி இத்தகைய வண்டிகளைப் பற்றி எழுதும்போது, யார் எப்போது வெட்டினார்கள், அடியில் என்ன சேர்த்தார்கள், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் உண்டா என்பனவற்றையும் உரிமையாளரிடம் கேட்டு வெளியிட்டால், வாங்க எண்ணுபவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய கார் உரிமையாளர் ஒருவர்