மேட்டுக்குப் பதில் காற்று

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த நெதர்லாந்து சைக்கிள் பயணக் கட்டுரை, ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஏரிக்கரை ஊரான மார்க்கனுக்குப் போகும் பாதையில் ஏற்றமே கிடையாது, ஆகவே யாரும் ஓட்டலாம் என்று முடித்துவிட்டது. ஏற்றம் இல்லைதான். மேட்டின் வேலையை அங்கே காற்று பார்த்துக்கொள்கிறது.

டுர்கெர்டாம் கிராமத்தைத் தாண்டி ஏரிக்கரையில் போனால் ஒதுங்க மரமும் இல்லை, சுவரும் இல்லை. பிற்பகல் கடற்காற்றில் ஈசிஆரில் மாமல்லபுரம் நோக்கி மிதித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நெதர்லாந்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. எனவே போகும் ஏறத்தாழ 20 கி.மீ. முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் ஓடிவிடும். திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டும். கியர் உள்ள வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். காற்று வலுத்தால் கரையை விட்டு இறங்கி, மொன்னிக்கெண்டாம், ப்ரூக் வழியாக ஊர்களுக்குள் புகுந்து திரும்புவது நல்லது.

வாடகை வண்டிகள் பலவற்றில் பிரேக் பெடலிலேயே இருக்கும்: பின்னோக்கி மிதித்தால் வண்டி நின்றுவிடும். சிக்னலில் நின்று, பெடலைக் காலால் பின்னால் சுற்றி மேலே கொண்டுவரும் நம் பழக்கம் அங்கே பலிக்காது. வண்டியை ஓரடி முன்னால் உருட்டினால் பெடல் தானாக மேலே வரும். தரையில் வெள்ளை முக்கோணங்களின் முனை நம்மைப் பார்த்தால், வழிவிட வேண்டியவர் நாம்தான்.

வழிகாட்டுவது, சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களில் பலகையில் எழுதியிருக்கும் சந்திப்பு எண்கள். போகவேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். எண்கள் 99-க்குள் அடங்குவதால் அதே எண் வேறு வட்டாரத்திலும் வரும் என்பதை மறக்கக் கூடாது. எண் தவறினால் குத்துமதிப்பாகப் போகாமல், கடைசியாகப் பார்த்த எண்ணுக்கே திரும்புங்கள். குறுக்குவழியும் தேடாதீர்கள்: அங்குள்ள போல்டர் என்பது நம் குட்டநாட்டு வயல்போலக் கரைகட்டி நீர் இறைத்த தாழ்நிலம். வயலுக்கு வயல் வாய்க்கால், பாலமோ எங்கோ ஒன்று. எதிரே தெரியும் தேவாலயக் கோபுரத்துக்குக் குறுக்கே போக வழியிருக்காது. கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்தால் மஞ்சள் பலகை மாற்றுவழி காட்டும். அதில் எழுதியிருக்கும் 'ஓம்லைடிங்' என்றால் டச்சு மொழியில் மாற்றுவழி, ஊர்ப்பெயர் அல்ல!

இன்னொரு திருத்தம்: கட்டுரையில் 'கடல்' என்று குறிப்பிட்டிருப்பது மார்க்கர்மேர் ஏரி. 1932-இல் அஃப்ஸ்லைட்டைக் அணை கடல்வாயை அடைத்த பிறகு அங்கே உப்புநீர் இல்லை.

– வாசகர், அடையாறு, சென்னை