அறுபதாம் கல்யாணத்துக்கு நீ அனுப்பிய பாட்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். பாப்பாவின் போனுக்கு நீ அனுப்பிய பாட்டுப் பட்டியல் வந்து சேர்ந்தது. அதற்குக் கீழே வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று நன்றாகத் தேடிப் பார்க்கச் சொன்னேன். பாட்டுகள் மட்டும்தான் என்றாள். சரி, அதுவாவது வந்ததே.

அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா சொன்னார். சென்னையிலிருந்து உனக்கும் அது பக்கம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். உன் அப்பா கேட்கவில்லை. "வீட்டுக்கு வரட்டும்" என்றார். யார் வரட்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் ஊர் கொழிஞ்சாம்பாறையிலேயே மண்டபம் பேசியாயிற்று.

பட்டியலுக்கு வருகிறேன். நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு நல்ல காது. பாப்பா ஒவ்வொன்றாகப் போட்டாள். அப்பா திண்ணையில் தேங்காய்க் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கணக்குப் பார்ப்பது போலத்தான் இருந்தது, ஆனால் பக்கம் திரும்பவே இல்லை. "ஆனந்த யாழை" வந்ததும் நோட்டை மூடினார். "கண்ணான கண்ணே" முடிந்ததும், "நல்ல பாட்டு, இது பாப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு மோட்டார் போட எழுந்து போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கும் உறைத்தது. நீ அனுப்பியதில் முக்கால்வாசி, அப்பா மகளுக்குப் பாடுகிற பாட்டு. நம் சினிமாவில் அப்பாவின் பாசம் என்றாலே மகளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. ஆனந்த யாழை எழுதியதற்கு நா. முத்துக்குமார் தேசிய விருது வாங்கினார். கண்ணான கண்ணே, விஸ்வாசம் படத்துக்குத் தாமரை எழுதியது. ஓர் அப்பாவின் மனதுக்குள் புகுந்து எழுதியிருக்கிறார். பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மணையில் உட்காரப் போகிறவருக்கு மகன் ஒருவனும் இருக்கிறான். மகன் எழுந்து நின்று அப்பாவைப் பற்றிச் சொல்கிற பாட்டு வேண்டாமா?

"தெய்வங்கள் எல்லாம்" இருக்கிறதே என்பாய். அதுவும் முத்துக்குமார் எழுதியதுதான், ஆனந்த யாழை வந்த அதே 2013இல். அதை மட்டும் எடுத்துவிடு. கேட்டாலே நெஞ்சை அடைக்கிறது, கல்யாணப் பந்தலில் எதற்கு? நான் பள்ளிக்கூடத்தில் நடத்திய பாரி மகளிர் பாட்டு உனக்கு நினைவிருக்கும், புறநானூற்றில் 112. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின் எந்தையும் உடையேம்" என்று தொடங்கி, "யாம் எந்தையும் இலமே" என்று முடியும். ஐந்தே அடி. தந்தையைப் பற்றி அதற்கு மேல் ஒரு பாட்டு தமிழில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் அது பறம்பு மலையும் போய், பாரியும் போன பிறகு அந்தப் பெண்கள் பாடியது. கேட்பதற்குப் பாரி இல்லை. உன் அப்பா இருக்கிறார், தம்பி. கேட்கிற காது இருக்கும்போது பாடுவதற்கு வேறு பாட்டு வேண்டும்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வருகிற பாட்டுக்காரர்கள் மலையாளப் பாட்டு ஒன்றும் சேர்க்கச் சொன்னார்கள். "சூரியனாய் தழுகி". 2000இல் வந்த சத்யம் சிவம் சுந்தரம் படத்துப் பாட்டு, கைதப்ரம் எழுதி வித்யாசாகர் இசையமைத்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் மலையாளிகள், அதனால் சரி என்றுவிட்டேன். நான் அழுதால் தன்னையறியாமல் உருகுகிற அப்பாவைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று அதில் பிள்ளை பாடும். அந்த வரி வந்தாலே எனக்கு அந்தத் தீபாவளிதான். நீ பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாய். நீ பார்த்தது அவர் முதுகை. உன் பஸ் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டியிருக்கும் நேரம் வரை அவர் கிணற்றடியிலேயே நின்றார், தோளில் துண்டுகூட இல்லாமல். உள்ளே வந்து என்னிடம் கேட்டது, "அவன் சாப்பிட்டானா?" யார் பேச்சு சரி, யார் பேச்சு தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. அதை விடு.

பாப்பாவின் மகனுக்குப் பல் முளைத்திருக்கிறது. மாமாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் பட்டியலில் இல்லாத பாட்டு ஒன்றைச் சொல்கிறேன். மார்கழி விடியற்காலையில் சைக்கிளின் முன் கம்பியில் துண்டைச் சுற்றி உன்னை உட்கார வைத்துக் கோயிலுக்கு ஓட்டிப் போவாரே, வழியெல்லாம் திருவாசகம் சொல்லிக்கொண்டு. பிடித்த பத்து உனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆனது, நீ புத்தகத்தைத் தொட்டதே இல்லை. "அம்மையே அப்பா ஒப்பிலா மணியே" என்று அவர் எடுத்துக் கொடுப்பார். கடைசி அடி உன்னுடையது. "சிக்கெனப் பிடித்தேன்" என்று கத்தும்போது ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்குவாய், விரல் பட்டு பெல்லும் சேர்ந்து அடிக்கும். தெருமுனை திரும்பும் வரை நான் வாசலில் நின்று கேட்பேன். மாணிக்கவாசகர் சிவனைப் பாடியது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அம்மையே, அப்பா என்று கூப்பிட்டுத் தொடங்குகிற பாட்டு மணிவிழாவுக்குப் பொருந்தாமல் வேறு எதற்குப் பொருந்தும்?

பாட்டுக்காரர்கள் அதையும் தாங்களே பாடுவதாகச் சொன்னார்கள். வேண்டாம், அந்த ஒன்றுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

60 நாட்களுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம் என்கிறார்கள், அந்த நாள் வந்தாயிற்று. பழனி வழியாக வருகிற பாலக்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் பொள்ளாச்சியில் இறங்கலாம். மாமா காரோடு வந்து நிற்பார். மேல் படுக்கை எடுக்காதே. இரவில் தயிர் வேண்டாம், உனக்குச் சளி பிடிக்கும். இவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறாய், நான்கு நாள் விடுமுறை கேட்டால் இல்லை என்பார்களா? கேட்கிறவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எப்போது வருகிறான் என்று அடுத்த கேள்வி கேட்கிறார்கள், அதற்குத்தான் நான் சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

டிக்கெட் எடுத்ததை என்னிடம் சொல்லக்கூட வேண்டாம், பாப்பாவுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். உன் அளவுக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். மேல் படுக்கை மட்டும் எடுக்காதே.

அன்புடன்,
அம்மா