பிளேட் எந்தப் பக்கம்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் எக்ஸ்ரேயும் வந்தன. இந்த வயதில் சைக்கிளில் யாரோடு பந்தயம் என்று கேட்க வாய்வரை வந்தது, விட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது.

சரி, உன் காறை எலும்புக்கு வருகிறேன். நடுவில் உடைந்திருக்கிறது, பத்தில் எட்டுப் பேருக்கு அங்கேதான் உடையும். முன்பெல்லாம் கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டு ஸ்லிங் போட்டாலே கூடிவிடும் என்பார்கள். 1960-இல் சார்லஸ் நீர் என்ற மருத்துவர் தந்த கணக்கில் 2,235 பேரில் 3 பேருக்குத்தான் கூடவில்லை. முழுதாக விலகிய முறிவுகளை மட்டும் எடுத்துப் பார்த்த கனடா ஆய்வு 2007-இல் வந்தது. அதில் அறுவை செய்து பிளேட், அதாவது எலும்போடு ஸ்க்ரூவால் பிணைக்கும் உலோகத் தகடு, வைத்த 62 பேரில் 2 பேருக்கும், வைக்காத 49 பேரில் 7 பேருக்கும் கூடவில்லை. வைக்காதவர்களிலும் 42 பேருக்குக் கூடியிருக்கிறதே, அதையும் பார். ஆனால் உன் படத்தில் முனைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறுகியும் இருக்கிறது. உன் மருத்துவர் அறுவை என்று சொல்வது எனக்கும் சரியாகவே படுகிறது.

ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் லாக்கிங் வகையா, டைட்டானியமா என்று கேட்டிருந்தாய். எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்றுதான் நான் அவரிடம் முதலில் கேட்பேன். மேலே வைத்தால் கையின் எடையை நன்றாகத் தாங்கும், வைப்பதும் எளிது. ஆனால் அங்கே தோலுக்கு அடியில் சதையே இல்லை; நீயோ ஒல்லி. தோள்பையின் வார் நேராக பிளேட்டின் மேல்தான் உட்காரும். துளையும் கீழ்நோக்கிப் போகும், அந்தத் திசையில்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நுரையீரலும் இருக்கின்றன. முன்பக்கம் சற்றுக் கீழே வைத்தால் உறுத்தல் குறைவு, நீளமான ஸ்க்ரூ பிடிக்கும். தசையைக் கொஞ்சம் விலக்க வேண்டியிருக்கும். பயிற்சிக்கு என்னிடம் வருகிறவர்களில் வார் உரசுகிறது என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் மேல்பக்கத்துக்காரர்கள்தான். சிலர் இப்போது இரண்டு மெல்லிய பிளேட்டுகளாக, மேலே ஒன்று முன்னால் ஒன்று என்று வைக்கிறார்கள். பழைய ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் பிளேட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப வளைக்கலாம், பாரம் வந்தால் அதுவாகவும் வளைந்துவிடலாம். உன் எலும்பு துண்டு துண்டாக இருப்பதால், எஸ் வடிவத்தில் தயாராக வரும் பிளேட்டே தேவலாம்.

நீ பார்த்துப் பயந்த கொக்கி பிளேட் உனக்கல்ல. அது தோள் ஓரத்தில் உடைந்தவர்களுக்கு. கொக்கி மேலிருக்கும் எலும்பை அரிக்கும் என்பதால் சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள். உன்னுடையது உறுத்தாவிட்டால் அப்படியே இருக்கலாம்.

தையலுக்குக் கீழே மார்பு மரத்துப்போகலாம், திடுக்கிடாதே. வெட்டுகிற இடத்தில் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. மரத்த இடம் நாளாக ஆகச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அப்புறம் அந்த சிகரெட்! எலும்பு கூடாமல் போகிறவர்களில் புகைப்பவர்கள் அதிகம். இப்போதே விடு.

மருத்துவரைப் பார்த்ததும் என்ன முடிவு என்று சொல். ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்காதே, குரல் பதிவு போதும்.

அன்புடன்,
உன் நண்பன்