சேகரித்தவர் என்ற இடத்தில்

அக்கா,

நேற்று ராத்திரி கட்டுரையை அனுப்பிவிட்டேன். போனில் சொன்னால் "சரி, சாப்ட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். மாமா இதைப் படிப்பார். சித்தப்பா வீட்டில் படிப்பார்கள். எங்கள் லேபிலும் நாலு பேர் படிப்பார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன்.

வண்டின்மேல் நீ பிடித்த அந்த உண்ணி புது இனம்தான். இல்லை என்று நிரூபிக்க இரண்டு வருஷம் முயற்சி செய்தேன். ஹைபோஆஸ்பிஸ் என்ற உண்ணிப் பேரினம், 1884-ல் கனெஸ்ட்ரினி வைத்த பெயர். அதில் இதுவரை எழுதப்பட்ட இனங்களின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதுகு ஓட்டின் மயிர்களை ஜோடி ஜோடியாக எண்ணி, நீளம் அளந்து ஒப்பிட்டேன். நீ பிடித்தது எதிலும் சேரவில்லை.

அளக்கும்போதெல்லாம், கெங்கையம்மன் தலையை ஊர்வலமாக எடுக்கும் அந்த சிரசு நாள் காலைதான் ஞாபகம் வந்தது. வைகாசி ஒன்று. முந்தின ராத்திரி கோடை மழை. ஊரே குடியாத்தம் கிளம்பிக்கொண்டிருந்தது. நீ தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் துண்டோடு தோப்புக்குள் போனாய், நான் பூ வைத்துக்கொண்டு பின்னால் வந்தேன். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்குக்கு 5 லிட்டர் தண்ணீர், ஊறி நுரைத்து நின்ற பானை, காண்டாமிருக வண்டுக்கு வைத்த பொறி. அந்த நாற்றத்துக்கு நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன், நீ முழங்கை வரைக்கும் கையை விட்டாய். செத்ததையெல்லாம் அள்ளிப் போட்டபின் ஒன்று மட்டும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டாய். வயிற்றுப் பக்கம் செம்பட்டை மயிர். கால்கள் முளைக்கிற இடுக்கில் வெந்தயத்தைப் பொடித்த மாதிரி புள்ளிகள். நீ ஊதினாய். புள்ளிகள் ஓடிப்போய்க் கெட்டிச் சிறகுக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

"இன்னாடி இது, வண்டுக்குப் பேன் புடிச்சிக்கீது."

எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த நான், வண்டின் குட்டியாக இருக்கும் என்றேன். "குட்டி எருக்குழியில கெடக்குது, கட்டை வெரல் தடிமனுக்கு. இது வேற" என்றாய். வீட்டுக்கு ஓடி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் காலி செய்துகொண்டு வந்ததும் நீதான். நாம் போய்ச் சேர்ந்தபோது சிரசு கோபாலபுரம் போய்விட்டது. கூட்டத்தின் முதுகைத்தான் பார்த்தோம்.

அதெல்லாம் வண்டைக் கடிக்குமா என்று அன்றைக்கே கேட்டாய், பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த உண்ணிக் குடும்பத்தில் பலவும் எருவில் கிடக்கும் நூற்புழுவையும் பொடிப் பூச்சிகளையும் பிடித்துத் தின்பவை. தானாக நடந்தால் அடுத்த எருக்குழிக்குப் போய்ச் சேர ஆயுசு போதாது. வண்டு முட்டை வைக்கத் தேடிப் போகும், இவை ஏறிக்கொள்ளும், அங்கே இறங்கிவிடும். வண்டுதான் பஸ்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. உண்ணியை லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்துக் கண்ணாடி மாதிரி தெளிந்தபின், ஸ்லைடில் பதித்து வைக்கிற ஹோயர் கலவை ஒரு சொட்டில் ஸ்லைடு செய்து, லேப் ஓவனில் ஒரு வாரம் உலர்த்தி, ஓரத்தை நகப் பாலிஷால் அடைத்தேன். அது உன் சிவப்பு பாலிஷ். அப்புறம் லேபிள். ஊர், தேதி, எந்த வண்டின்மேல், சேகரித்தவர். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஸ்லைடு செய்தவள் நான், லேபில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவளும் நான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பன்னிரண்டாவதோடு நின்ற அக்கா பிடித்தாள் என்று சொல்ல அப்போது கூச்சமாக இருந்தது. மன்னித்துவிடு.

ஆனால் நீயும் என்னைக் கேட்கவில்லையே. 48 தென்னை மரம். தோப்பை விற்க பவர் எழுதிக் கொடுத்தது நான்தான், எதற்கென்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். பணத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை எழுத மாட்டேன், மாமா மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வெட்டுகிற அன்றைக்கு ஒரு போன் செய்திருக்கலாம். எருக்குழியையாவது விட்டிருக்கலாம். கட்டுரையில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, 'தென்னந்தோப்பு' எல்லாம் அச்சாகும். இதைத் தேடி எவராவது வந்து நின்றால் மஞ்சள் பெயிண்ட் அடித்த பிளாட் கல்தான் இருக்கும். எழுதும்போதே கை நடுங்குகிறது அக்கா.

நீ அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்த ஏழு மாதமும் நான் இங்கே மயிர் எண்ணிக்கொண்டிருந்தேன். கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றது உன் வாசலில்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

பெயரை இங்கே சொல்ல முடியாது. முறையான விளக்கத்தோடு அச்சில் வருவதற்கு முன் வெளியே வந்தால் வெறும் பெயராகத் திரியும், செல்லாது. போன தீபாவளிக்கு "உண்ணிக்கு என் பேரா, வேணாம் தாயே" என்றாய், அந்தப் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறேன். நம் ஊர் அதில் இருக்கிறது, அது மட்டும் சொல்கிறேன்.

லேபிள் விஷயத்தில் உன்னைக் கேட்கவில்லை. பெயர் எந்த ஒரு உடலைக் குறித்து நிற்குமோ, அந்த ஒரே ஸ்லைடுக்கு ஹோலோடைப் என்று பெயர். கொல்கத்தாவில் ஜூவாலஜிக்கல் சர்வேக்குப் போகப்போகிறது. அதில் புது லேபிள் ஒட்டிவிட்டேன். சேகரித்தவர் நீ, அப்பாவின் இனிஷியலோடு. வண்டைப் பிடித்த அன்று உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, மாமா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய லேபிளைக் கிழிக்கவில்லை, கிழிக்கக்கூடாது. என் பெயரும் அங்கேயே இருக்கும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஒரு உதவி வேண்டும். கிடைத்த 11 உண்ணிகளும் பெண், ஆண் ஒன்றுகூட இல்லை. உங்கள் கொட்டகைக்குப் பின்னால் சாணக் குவியல் இருக்கிறதே, அங்கே வண்டு வந்தால் மிதிக்காமல் பாட்டிலில் போட்டு, மூடியில் துளை போட்டு வை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தேதியையும் உன் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போடு. பென்சிலால் எழுது, நான் வந்து ஸ்பிரிட் ஊற்றும்போது பேனா மை கரைந்துவிடும்.