கேட் அங்கிள் யானை பார்க்க வருகிறார்

சிங்கப்பூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, பெரியக்கா, சின்னவன், பாப்பா எல்லோரும் நலமா? நீங்கள் சொல்லச் சொல்ல பாப்பா எழுதின கடிதமும் ஒரு கிலோ டீத்தூளும் போன வாரம்தான் கைக்கு வந்தது. கூடலூர் அண்ணன் ஊரிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனால் அவர் இருப்பது துவாஸ், நான் இருப்பது வேறு கோடி, இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிறு லீவு கிடைத்து தேக்காவில் சந்திக்க இத்தனை நாள் ஆகிப் போனது. பாப்பா கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நீங்கள் நடுவில் இருமினதைக்கூட "தாத்தா இருமுகிறார்" என்று எழுதி வைத்திருக்கிறாள். அப்புறம் கடைசியில், "சின்ன மாமா ஜீப்பை விற்கப் போகிறாராம், இதை எழுத வேண்டாம் என்று தாத்தா சொன்னார்" என்று அதையும் எழுதியிருக்கிறாள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாலு மாதமாக நான் கடிதம் போடவில்லை, தப்புதான். போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, நான் ஒன்று கேட்க நீங்கள் மழை பெய்ததைச் சொல்கிறீர்கள். அம்மா போனை வாங்கினால் "சாப்டியா" என்று ஆரம்பித்து அழுகையில் முடிக்கிறது. கடிதம்தான் சரி.

டீத்தூள் வந்த அன்றைக்கே ரூமில் பன்னிரண்டு பேருக்கும் போட்டுக் கொடுத்தேன். இங்கே கடையில் தகர டப்பா பாலை ஊற்றிப் பாயசம் மாதிரி ஒரு டீ தருவார்கள், அதையே குடித்துப் பழகின புதுக்கோட்டைக்காரர் ஒருவர் நம் டீயைக் குடித்துவிட்டு "கசக்குதே" என்றார். அவருக்கு இனிமேல் கிடையாது. மற்றபடி சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். விடியற்காலையிலேயே மதியச் சாப்பாடும் சேர்த்துப் பொட்டலமாக வந்துவிடுகிறது. மதியத்துக்குள் சாம்பார் கொஞ்சம் மனசு மாறிவிடும், அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் இரண்டு மாதமாக நானாகவே நிறுத்திவிட்டேன். ஒரு பன், ஒரு டீ. வயிறு லேசாக இருக்கிறது, தூக்கமும் நன்றாக வருகிறது.

வேலை அதே லாரிதான். நாலரைக்கு எழுந்து, லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும். ஊரில் நம் ஜீப்பில் யானை பார்க்க ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனால் ஆறு பேரும் "நிறுத்துங்க, நிறுத்துங்க, அங்க ஏதோ ஆடுது" என்று உயிரை எடுப்பார்கள். இங்கே இருபது பேர் ஏறுகிறார்கள், அடுத்த நிமிஷமே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள். போகிற வழியில் பி.கே.இ. என்று ஒரு பெரிய ரோடு, இரண்டு பக்கமும் காடு. அதற்கு மேலே ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள், மனுஷர் நடக்க இல்லை, மிருகங்கள் கடக்க. 2013-இல் கட்டி முடித்ததாம், 62 மீட்டர் நீளம், மேலே மண் போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள். எறும்புத்தின்னியும் மரநாயும் ரோட்டில் அடிபடாமல் அந்தப் பக்கம் போகட்டும் என்று. தினமும் அதற்கு அடியில் போகும்போது உங்கள் ஞாபகம்தான். 2020 அக்டோபரில் நம் சீகூர் யானை வழித்தட வழக்கில் ரிசார்ட்டுகளுக்கு எதிராக சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அன்றைக்கு ரேடியோவை அணைத்துவிட்டு, "யானை ஜெயிச்சிடுச்சு, நம்ம பொழப்பு போச்சு, ரெண்டும் நியாயந்தான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனீர்களே, அது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கேட் அங்கிள் டிசம்பரில் நம் ஊருக்கு வருகிறார்.

அவரைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதினேனா என்று ஞாபகம் இல்லை. எங்கள் யார்டு கேட்டில் செக்யூரிட்டி. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், அறுபது தாண்டியிருக்கும். நல்ல மனுஷர், கொஞ்சம் கிறுக்கு. உள்ளே வருகிற லாரி நம்பரை எழுத ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். அதில் லாரி நம்பருக்கு நடுவிலேயே "குரங்கு 4, காலை 7.10", "உடும்பு 1, பெரியது, வெளியே போனது" என்று எழுதி வைப்பார். ஒரு நாள் முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறார். "கேட்டுக்குள்ள வந்தது எல்லாத்தையும் எழுதுன்னுதானே சொன்னீங்க" என்றாராம்.

நான் மசினகுடியில் ஜீப் ஓட்டினவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை விடுவதில்லை. அவரிடம் ஒரு யானைக் கதை உண்டு, பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஆனால் நிஜமாக நடந்ததுதான், மற்றவர்களும் சொன்னார்கள். 1990-இல் எதிரே இருக்கிற ஜொகூர் காட்டிலிருந்து மூன்று ஆண் யானைகள் கடலில் இறங்கி நீந்தி, புலாவ் தெக்கோங் தீவில் கரையேறிவிட்டன. அது ராணுவப் பயிற்சி நடக்கிற தீவு. பையன்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பழகுகிற இடத்தில் காட்டு யானை! கடைசியில் மலேசியாவிலிருந்து வனத்துறை ஆட்கள் நம் தெப்பக்காட்டு கும்கி மாதிரிப் பழக்கின யானைகளோடு வந்து, மூன்றையும் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிள் அப்போது ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போனவராம், காலடித் தடத்தை மட்டும் பார்த்ததாகச் சொல்கிறார். தடம் எவ்வளவு பெரிசு என்று ஒவ்வொரு தடவையும் கையை விரித்துக் காட்டுவார், ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

நானும் பதிலுக்கு நம் ரிவால்டோ யானை கதையைச் சொன்னேன். 2021-இல் வாழைத்தோட்டத்தில் கரோல் என்கிற மரக்கூண்டில் மூன்று மாதம் அடைத்து வைத்திருந்து, ஆகஸ்டில் லாரியில் ஏற்றிக் காட்டுக்குள் தூரமாகக் கொண்டுபோய் விட்டும், விட்ட வேகத்தில் வாழைத்தோட்டத்துக்கே நடந்து வந்து நின்றதே, அதை. அங்கிள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "பாத்தியா தம்பி, அதுக்கு பெர்மிட்டும் வேணாம், ஏஜெண்டும் வேணாம், நேரா வீட்டுக்குப் போயிடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் லாரியைக் கழுவப் போய்விட்டேன். அன்றைக்கு அது அழுக்காகவே இல்லை.

போன மாதம் அவர் வீட்டில் எல்லோரும் மண்டாயில் நைட் சஃபாரி போவதற்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். பேரனில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு டிக்கெட் மிச்சமாக, "வா தம்பி, சும்மாதானே இருக்கே" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். 1994-இல் திறந்த இடம், ராத்திரியில் மட்டும்தான் நடக்கிறது. ஒரு டிராம் வண்டியில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்கள். கம்பி வேலி கண்ணில் படாது, எல்லாம் பள்ளம் வெட்டி மறைத்திருக்கிறார்கள். விளக்கும் நிலா வெளிச்சம் மாதிரி மங்கலாக வைத்திருக்கிறார்கள். சிங்கம், நரி, மான் எல்லாம் பார்த்தேன், பரவாயில்லை. வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது எதுவும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் வாசனை வந்தது. புது லத்தி, ஈரப் புல், கூடவே அந்தப் புளிச்ச வாடை. என் இடது கால் தானாகக் கீழே எதையோ அழுத்திப் பார்த்தது. கிளட்ச் எங்கே இருக்கிறது, நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பின்னால் எடுக்க இடம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு சீன அம்மா ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

யானை நல்ல யானைதான், அழகாகக் காதை விசிறிக்கொண்டு நின்றது. நம்மை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எனக்கு அந்த மரவகண்டி நாள்தான் ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது பதினாலு வயசு இருக்கும், நீங்கள் ஓட்டினீர்கள், நான் பக்கத்தில். பதினோரு யானை ரோட்டைக் கடந்தது, நடுவில் ஒரு குட்டி, அம்மா வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு. மூத்த பெண் யானை மட்டும் நடு ரோட்டில் பக்கவாட்டில் நின்று, கடைசி யானை உண்ணிச்செடிக்குள் மறைகிற வரை நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண் இமை முடி எவ்வளவு நீளம், அதில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது, எனக்கு இன்னும் தெரிகிறது. நீங்கள் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அது போன பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பீடி பற்ற வைத்தீர்கள். இங்கே டிராமில் எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது அங்கிள் என்னைப் பார்த்து, "என்னா தம்பி, கண்ணு கலங்குது" என்றார். தூசி என்றேன். இந்த ஊரில் தூசி ஏது.

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினார், உங்க ஊருக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று. பள்ளிக்கூட லீவில், டிசம்பர் இரண்டாவது வாரம், கோயம்புத்தூர் வரை நேர் விமானத்தில் ஆறு பேர் வருகிறார்கள். நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், சின்னவனை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஊட்டி பார்த்துவிட்டுத்தான் வருவார்களாம். வெளியூர் வண்டியைக் கல்லட்டியில் இறங்க விடமாட்டார்கள், 36 கொண்டை ஊசி வளைவையும் பார்க்க வேண்டும் என்று அங்கிளுக்கு ஆசை, ஆனாலும் கூடலூர் சுற்றியே வரட்டும்.

சின்னவனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். காட்டுக்குள் போக ஆசைப்பட்டால் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏற்றிவிடு, நம் ஜீப் மாயாறு ரோட்டிலும் சிங்காரா ரோட்டிலும் பொது வழியோடு நிற்கட்டும். ராத்திரி ரவுண்டு கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எவனாவது வந்து பேசினால் கேட்காதே, பிடிபட்டால் வண்டி போய்விடும். காலையில் ஆறு மணிக்கே எடு, பனி விலகும்போது பார்க்கட்டும். மழை முடிந்து பச்சையாக இருக்கிற நேரம், மார்ச் மாதம் மாதிரி தண்ணீருக்கு வந்து நிற்காது, உண்ணிச்செடிக்குப் பின்னால் பத்தடியில் நின்றாலும் தெரியாது. கண்ணால் தேடாதே, கிளை ஒடிகிற சத்தத்தைக் கேள். சென்ட் அடித்துக்கொண்டு வருவார்கள், வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடு. ஹாரன் கூடாது, பிஸ்கட் போடக் கூடாது, செல்ஃபிக்கு யாரும் இறங்கக் கூடாது. தனிக் கொம்பன் நின்று, கன்னத்தில் மதநீர் வழிந்த கறை தெரிந்தால் நிற்கவே நிற்காதே, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. அப்பா சொல்வதுதான், முன்னாடி போறதுக்கு முன்னாடி பின்னாடி போற வழியைப் பார்த்துக்கோ. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல், பழைய லத்தியைக் காட்டி இப்பத்தான் போச்சு என்று கதை விடாதே. அங்கிள் கண்டுபிடித்துவிடுவார், நோட்டில் எழுதிவிடுவார்.

மத்தியானம் அம்மா கையால் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். காசு வாங்காதீர்கள். அவர் வற்புறுத்தினால் டீசலுக்கு மட்டும்.

அப்புறம் ஜீப்பு. சின்னவன் மேல் கோபப்படாதீர்கள். ரிசார்ட்டெல்லாம் மூடினதிலிருந்து வாரத்துக்கு இரண்டு சவாரிகூட ஓடவில்லை என்றால் அவன் என்ன பண்ணுவான். இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர் எல்லாம் சும்மா நிற்கிற வண்டிக்கும் கட்டித்தானே ஆக வேண்டும். ஆனால் அங்கிள் வந்து போகிற வரை பொறுக்கச் சொல்லுங்கள். பின் சீட் தார்ப்பாயைத் தைக்க வேண்டும், இடது பக்கப் படி ஆடுகிறது, வயசானவர் ஏறுகிற வண்டி. என்ன விலை கேட்கிறார்கள் என்று மட்டும் பாப்பாவை எழுதச் சொல்லுங்கள், சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் தள்ளிப்போகும், பேங்கில் ஏதோ கோளாறு. ஓவர்டைம் குறைத்துவிட்டார்கள், அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது. அம்மா செயினுக்கு இந்தத் தடவையும் வட்டி மட்டும் கட்டி வையுங்கள், பெரியக்காவிடம் கேட்டுப் பாருங்கள். தைக்குள் மீட்டுவிடலாம். உங்கள் இருமலுக்கு கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கசாயத்தை நம்பாதீர்கள்.

ஜீப் ஆர்.சி. புத்தகம் பீரோவில் அம்மா கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. என் பெயரில்தான் இருக்கிறது, அதனால் 29, 30 ஃபாரத்தில் என் கையெழுத்து வேண்டும். ஃபாரத்தை அங்கிள் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர் திரும்பி வந்ததும் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு
உங்கள் பெரியவன்

பாப்பாவுக்கு: தாத்தா எழுத வேண்டாம் என்று சொல்வதையெல்லாம் அடுத்த கடிதத்திலும் எழுது. இருமலை எண்ணி எழுது.